டோக்கியோவுக்கு நடுவே ஓதம் ஏறும் குளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த டோக்கியோ பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஷிபுயா நாற்சந்தியின் கூட்டத்தையும் ரயில் நெரிசலையும் எழுதியவர் கண்முன் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அந்த ஊரில் கால் நீட்டி உட்கார ஓர் இடமில்லை என்று முடித்திருந்தாரே, அது மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. கடலோரமாக இருக்கும் ஹமாரிக்கியூ என்ற பழைய தோட்டத்துக்கு அவர் போகவில்லை போலிருக்கிறது.

என் மகன் நிஷி-கசாயில் குடியிருக்கிறான். நம் நாட்டவர் நிறையப் பேர் வசிக்கும் பகுதி அது. மார்ச் மாதம் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது, அவன் வேலைக்குக் கிளம்பியதும் நான் தனியாகவே நான்கு முறை இந்தத் தோட்டத்துக்குப் போய்வந்தேன். ஷிம்பாஷி ஸ்டேஷனில் இறங்கி, பத்துப் பதினைந்து நிமிட நடை. வழியெல்லாம் ஷியோதோமேயின் கண்ணாடிக் கட்டடங்கள். அகழிப் பாலத்தைத் தாண்டினால் வாசல். கட்டணம் 300 யென், 65 வயது நிரம்பியவர்களுக்கு 150.

உள்ளே போனதும் ஒரு கருப்பு பைன் மரம். 1709-இல் தோட்டத்தைத் திருத்தியமைத்தபோது அன்று நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர், அதாவது ஷோகன், இயெனொபு நட்டதாம். உயரமாக வளராமல் பக்கவாட்டில் படர்ந்து கிடக்கிறது. கனத்த கிளைகளுக்கெல்லாம் மரக்கால் நட்டு முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வயதான ஒருவரைப் பலர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் போலவே எனக்குப் பட்டது.

ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப இழுத்தது குளம்தான். அது கடல்நீர்க் குளம். டோக்கியோ விரிகுடாவின் ஓதத்துக்கு, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மதகைத் திறந்து மூடி, தண்ணீரை உள்ளே விடுவதும் வெளியே அனுப்புவதுமாக இருக்கிறார்கள். காலையில் உட்காரலாம் போலிருந்த கல், மதியம் பார்த்தால் தண்ணீருக்குள். அந்த ஊரின் வேறு சில பழைய தோட்டக் குளங்களிலும் ஒருகாலத்தில் கடல்நீர் வந்துபோனதாம். இன்று மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். நான் நாகப்பட்டினத்துக்காரி. மடவை, உளுவை, விலாங்கு மீன்கள் இந்தக் குளத்துக்குள் வருகின்றன என்று தெரிந்ததும், சொந்த ஊர் ஆள் ஒருவரை வழியில் பார்த்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

குளத்தின் நடுத்திட்டில் ஒரு தேநீர் விடுதி. மரப்பாலம் வழியாக நடந்து போய், பாயில் உட்கார்ந்தால் மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடித் தேநீரும் சின்ன இனிப்பும் கொண்டுவந்து வைக்கிறார்கள். இனிப்பை முதலில் சாப்பிட வேண்டும், அப்புறம்தான் அந்தக் கசப்பு இதமாக இருக்கும். கூரைக்கு அப்பால் அடுக்குமாடிகள் எட்டிப் பார்க்கின்றன. சாலைச் சத்தமும் முழுதாக நின்றுவிடாது. ஆனால் அது நமக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்றாகிவிடும்.

வியட்நாமிலிருந்து ஷோகனுக்காக வந்த யானை ஒன்று, 1729-இல் நாகசாகியிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே வந்து, இங்கேதான் பல வருடங்கள் கட்டிக்கிடந்தது. அதன் பாகன் என்ன ஆனான் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். வாத்து வேட்டைக்கென்று அந்தக் காலத்தில் வெட்டிய குட்டைகளும் ஒடுங்கிய வாய்க்கால்களும் அப்படியே இருக்கின்றன. பழக்கிய வாத்துகளைக் காட்டிக் காட்டு வாத்துகளை வாய்க்காலுக்குள் இழுத்துப் பிடிப்பார்களாம். அப்படி உயிர்விட்ட வாத்துகளின் ஆன்ம சாந்திக்காக 1935-இல் ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் என்னை அறியாமல் கை கூப்பினேன்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். ஷோகன்களுக்குப் பிறகு அரச குடும்பத்திடம் இருந்த இந்த இடத்தை, போர் முடிந்த 1945-லேயே நகரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்தாயிற்று. குண்டு வீச்சில் ஊரே எரிந்து கிடந்த நேரம். வீடு இழந்தவர்களுக்கு நடுவே ஒரு தோட்டத்தைத் திறந்து வைக்கத் தோன்றியதே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நெகிழ்கிறது. எரிந்துபோன தேநீர் விடுதிகளையும் பழைய ஆவணங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

நான் போன சமயம் கடுகுப் பூ போன்ற மஞ்சள் பூக்கள் வயல் நிறைய. எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு, அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். பயணக் குழுக்களுக்கு அவ்வளவுதான் நேரம் கொடுக்கிறார்கள் போலும். கட்டுரையாளர் மறுபடி டோக்கியோ போனால், தயவுசெய்து ஒரு முழு மதியத்தை இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். குளக்கரையில் மூன்று மணி நேரமாவது உட்கார வேண்டும். தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
நாகப்பட்டினம்.