சந்திப்பு பேனர்: வெள்ளிக்குள் படம் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

பழைய மாணவர் சந்திப்புக்கான அசையும் பேனரை வரும் ஞாயிறு இரவு 8 மணிக்கு நம் தளத்தின் முகப்பில் ஏற்றுகிறோம். முன்பு செய்தது ஃப்ளாஷில் (தளங்களில் அசையும் படம் காட்டிய பழைய மென்பொருள்), 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவு நின்றுபோனதால் அந்த இடம் இன்னும் வெற்றுக் கட்டமாகக் கிடக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. இந்த முறை சாதாரண ஜிஃப்தான், அதாவது சில படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஒரே படக் கோப்பு. 728-க்கு 90 பிக்சல், மூன்றே படம்: பள்ளி வாசல் வேப்பமரம், தேதி, 'பதிவு செய்க'.

1. வாசல் படம் வைத்திருப்பவர்கள் வெள்ளி மாலை 6 மணிக்குள் அனுப்புங்கள். சும்மா போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், டாக்குமெண்ட்டாகப் போடுங்கள்.

2. அந்தி வானம், மேகம் எல்லாம் வேண்டாம். ஜிஃப்பில் ஒரு படத்துக்கு 256 நிறம்தான், வானம் திட்டுத் திட்டாகத் தெரியும்.

3. மினுக்கும் எழுத்து கேட்காதீர்கள், கண் வலிக்கும். ஒவ்வொரு படமும் 3 நொடி நிற்கும்.

4. ஏற்றியதும் போனில் திறந்து, தேதி படிக்க முடிகிறதா, தொட்டால் பதிவுப் படிவம் வருகிறதா என்று பாருங்கள். பழைய கட்டமே தெரிந்தால் கேஷை (பிரவுசர் சேமித்து வைத்த பழைய பக்கத்தை) அழித்துவிட்டு மறுபடி திறக்கவும்.

படித்தவர்கள் 'சரி' என்று ஒரு வார்த்தை போடுங்கள். கட்டைவிரல் போதாது, போன தடவை 40 கட்டைவிரல் வந்தது, படம் ஒன்றுகூட வரவில்லை.