படுவான்கரைக் காணியின் கிணற்றுத் தண்ணி

அன்பின் மகனுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் வாங்கின காணியில் கிணற்றுத் தண்ணி கண்ணாடிபோலத் தெளிவு, உவரும் இல்லை என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனாலும் கைக்குழந்தையோடு குடிபோக முன் சோதித்தே ஆகவேணும். கிருமி, நைத்திரேற், புளோரைட்டு மூன்றும் கண்ணுக்கோ நாக்குக்கோ பிடிபடாது.

முதலில் கிணற்றைச் சுற்றிப் பார். மலசலகூடக் குழி 50 அடிக்குக் கிட்ட இருந்தால் பயப்படவேணும். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழியையும், மாட்டுப்பட்டியையும், உரம் போடும் வயலையும் சேர்த்துப் பார். கிணற்றடிச் சீமெந்து வெடித்திருந்தால் ஊத்தைத் தண்ணி அதற்குள்ளால்தான் இறங்கும்.

மாதிரி எடுப்பதில்தான் அநேகமாகப் பிழை வரும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தருகிற கிருமி நீக்கிய போத்தல்தான் வேணும். அதை அலசாதே, வாய்ப்பக்கத்திலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படக்கூடாது. பாவிக்கும் வாளியால் அள்ளி ஊற்றினால் வாளியின் கிருமியைத்தான் சோதிப்பாய். போத்தலைக் கல்லோடு கட்டி, சுவரில் முட்டாமல், ஒரு அடி ஆழத்துக்கு இறக்கு. மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணித்தியாலத்துக்குள் கொடு. நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்துக்கு முதல்நாளே தொலைபேசி எடுத்து, எந்த நேரம் ஏற்பார்கள் என்று கேள். இரசாயனச் சோதனைக்கு வேறு போத்தல்: அதே தண்ணியால் மூன்றுதரம் அலசி, விளிம்புவரை நிரப்பு. பூச்சிமருந்து சாதாரண சோதனையில் வராது, தனியாகக் கேட்கவேணும்.

இலங்கையின் குடிதண்ணித் தரமான எஸ்.எல்.எஸ். 614 படி, 100 மில்லிலீற்றரில் மலத்தால் வரும் ஈ.கோலைக் கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. லீற்றருக்குப் புளோரைட்டு 1, நைத்திரேற் 50, குளோரைட்டு 250, இரும்பு 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அறிக்கையில் நைத்திரேற்றை நைதரசனாகக் கணக்கிட்டிருந்தால் 50க்குப் பதில் 11 என்று வாசி. நைத்திரேற் கூடின தண்ணியில் குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது. இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோகிற சக்தி குறைந்து பிள்ளை நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும். நைத்திரேற்றும் புளோரைட்டும் தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். இரும்பு கூடினால், இரவு வாளியில் வைத்த தண்ணியில் விடிய செம்மஞ்சள் படை கட்டியிருக்கும். அது துணியையும் தேத்தண்ணியையும் கெடுக்கும். ஆனால் நைத்திரேற்றுக்குப் பயப்படுவதுபோல இரும்புக்குப் பயப்படத் தேவையில்லை.

சோதனைக்கு முன் குளோரின் போடாதே, கிருமி மறைந்துவிடும். ஈ.கோலை வந்தால், 5 அடி விட்டமும் 6 அடித் தண்ணியும் உள்ள கிணற்றுக்கு 30 வீதக் குளோரின் தூள் ஏறக்குறைய 600 கிராம் கரைத்து ஊற்றி, ஒருநாள் விட்டு, மணம் போகுமட்டும் இறை. ஒரேயடியாக இறைக்காதே. வாவி கிட்ட இருக்கிற இடத்தில் நல்ல தண்ணி உவர்த் தண்ணிக்கு மேலேதான் நிற்கும். பெரிய மோட்டர் கீழுள்ள உவரை மேலே இழுத்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்து உவர் ஏறினது இப்படித்தான். ஒரு கிழமை கழித்துத் திரும்பச் சோதி.

உவரைக் கோடை முடிவில் ஒருதரம் பார், கிருமியை மாரி வெள்ளம் வடிந்ததும் பார். அறிக்கையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. மோட்டரும் வடிகட்டியும் அதற்குப் பிறகு வாங்கலாம்.

அன்புடன்,
அப்பா