குடோன் சாவி என்கிட்ட இருக்கு

தாண்டிக்குடி

அன்பு முத்துவுக்கு,

குடோனைச் சுத்தம் பண்ணி, வெளியூர் ஆளுங்க தங்க ரெண்டு ரூம் எடுக்கலாம்னு சொன்னே. சந்தோஷம்தான். ஆனா பொங்கலுக்கு வந்த கையோட விளக்குமாத்தோட உள்ளே போயிருவே. போன்ல சொன்னா "சரிம்மா, சரிம்மா"ன்னு வச்சிருவே. அதான் எழுதுறேன்.

காப்பி மூட்டை அடுக்கி ஆறு வருஷமாச்சு. ஓட்டுச் சந்தெல்லாம் வவ்வால், கீழே சாண் உசரத்துக்கு எச்சம். எலிப்புழுக்கைன்னுதான் முதல்ல நினைச்சேன். குச்சியால அமுக்கினா பொலபொலன்னு உதிர்ந்து பூச்சி இறகு மினுங்குது. எலியோடது அப்படி உதிராது.

போன வருஷம் உங்கப்பா, காய்ஞ்சு கிடந்ததை அப்படியே பெருக்கினார். பத்தாம் நாள் காய்ச்சல், வறட்டு இருமல். எக்ஸ்ரே பார்த்து டி.பி.யோன்னு சளி டெஸ்ட் எடுத்தாங்க, அதுல ஒண்ணுமில்ல. அப்புறம்தான் டாக்டர், "வவ்வால் அடையிற இடத்துக்குப் போனீங்களா?"ன்னு கேட்டார். எச்சத்துல வளர்ற ஹிஸ்டோபிளாஸ்மாங்கிற பூஞ்சை, தூசியோட மூச்சுக்குள்ள போயிருக்கு. அது பாக்டீரியா இல்ல. முதல்ல கொடுத்த ஆன்டிபயாட்டிக் கேக்காததுக்கு அதான் காரணம்.

பாக்டீரியா வேற கதை. சால்மோனெல்லா, ஈ.கோலை மாதிரி குடல் கிருமி எச்சத்துல இருக்கலாம். கை கழுவாம சோத்துல கை வச்சா வயித்துக்குள்ள போகும். எலிக்காய்ச்சல் கிருமியை வவ்வால்கிட்டயும் பார்த்திருக்காங்க, ஆனா மனுஷனுக்கு வர்றது பெரும்பாலும் எலியாலதான். உரமா மூட்டை கட்டி வித்துரலாம்னியே, நல்லா மக்க வச்சா மிளகுக்கும் மலைவாழைக்கும் போடலாம். பச்சை எச்சத்தை கேரட் பாத்தியில போடாதே, அதைப் பிடுங்கி அப்படியே கடிக்கிற ஆளு நீ.

பெருக்கவே கூடாது. மாஸ்க், கையுறை போட்டு, தண்ணியை மெதுவாத் தெளிச்சு ஊறவிட்டு, மண்வெட்டியால வழிச்சு ரெட்டைப் பையில கட்டணும். பைப்பைப் பீச்சினா தூசி கிளம்பிரும். இவ்வளவு எச்சத்துக்கு, பழக்கப்பட்ட ஆளைக் கூப்பிடுறதே மேல். அப்பாவை வாசப்படி தாண்ட விடமாட்டேன்.

வவ்வாலுக்குப் புகை மட்டும் போட்டுராதே. 2018-ல கோழிக்கோட்டுல நிபா வந்தப்போ இங்கயும் சிலர் அப்படித்தான் கிளம்பினாங்க. நிபா வைரஸ் பழந்தின்னி வவ்வால் சமாச்சாரம், நம்ம குடோன்ல தொங்குறது பூச்சி பிடிக்கிறது. குட்டியெல்லாம் பறக்கப் பழகினப்புறம், ராத்திரி எல்லாம் வெளியே போனதும் சந்தை அடைச்சா போதும். அவசரப்பட்டா குட்டிங்க உள்ளேயே செத்து நாறும்.

சாவியை எடுத்து வச்சிருக்கேன். எங்கேன்னு அப்பாவுக்கும் தெரியாது. வத்தலகுண்டுல பஸ் மாறும்போது மருந்துக்கடையில என்-95 மாஸ்க் நாலு வாங்கிட்டு வா. துணி மாஸ்க்கோட வந்தா தரமாட்டேன்.

அம்மா