ஆம்பிளையள் வாட்டில் தம்பி: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அண்ணா,

தம்பி இனிப் பெரியாக்கள் பக்கம். பிள்ளைகள் கிளினிக்கில் கடைசிக் கடிதமும் தந்துவிட்டார்கள். போனில் சொன்னபோது "நல்லதுதானே, பெரிய டொக்டர்மார் பாப்பினம்" என்றீர்கள். அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் ஒன்றும் கதைக்கவில்லை.

அவன் எந்த ஆண்டு, எந்த இடத்தில், எப்படிப் பிறந்தான் என்று உங்களுக்கு எழுதத் தேவையில்லை. மற்றவர்கள், இந்த மாசியோடு அவனுக்கு 17 என்பதை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஏன் வரமுடியாது என்பதையும் இங்கே எழுதமாட்டேன்.

வயது தாண்டியும் பிள்ளைகள் டொக்டர் அவனை விடாமல் வைத்திருந்தவ. வலிப்பு, சளி, மூக்குக் குழாய், வளைந்துகொண்டு போகும் முதுகு எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் எழுதி, ஒரே ஆளாகப் பார்த்தவ. 2022 இல் நாட்டில் மருந்தே இல்லாமல் போனபோது எங்கெல்லாமோ கேட்டு எடுத்துத் தந்தவவும் அவதான். பெரியாக்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லை. வலிப்புக்கு யாழ்ப்பாணம் போகவேண்டும். சளிக்கு மெடிக்கல் கிளினிக், குழாய்க்குச் சத்திரசிகிச்சைக் கிளினிக், முதுகுக்கு எலும்பு டொக்டர். ஒவ்வொன்றுக்கும் வேறு கொப்பி, வேறு நாள். விசுவமடுவில் இருந்து அவனைத் தூக்கிக்கொண்டு பரந்தன் சந்திக்கு வருவதே என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் கிளினிக்கிலேயே வலிப்புக்கான வல்ப்ரோயேட் பாணிமருந்துக்குப் பதிலாகக் குளிசை தந்தார்கள். பாணி என்றால் 5 மில்லியில் 200 மில்லிகிராம், அளந்து குழாயால் விடலாம். அந்தக் குளிசை மேலே பூச்சுப் பூசியது, இடித்துக் கரைக்கக் கூடாது. 17 வயது என்றதும் குளிசை விழுங்குவான் என்று நினைத்திருப்பார்கள். 22 கிலோ எடையுள்ள பிள்ளை, அண்ணா. திரும்பப் போய் வரிசையில் நின்று மாற்றி எடுத்தேன்.

உங்களுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மன்னியுங்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் சொல்லியிருந்தால் அங்கே இருந்து என்ன செய்திருப்பீர்கள்?

கார்த்திகை மழைக்குள் தம்பிக்கு மூச்சு இழுத்தது. 1990 அம்புலன்சுக்கு அடித்தோம், கெதியாக வந்தார்கள். 2018 இல் அந்த வண்டி வடக்குக்கு வரும் முன் இந்த வேலைக்கு யாருடைய ஓட்டோவைத் தட்டி எழுப்புவோம் என்பது நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் வயதைப் பார்த்து ஆம்பிளையள் வாட்டுக்கு அனுப்பினார்கள். இரவு ஏழரைக்கு வாசலில் நின்றவர், "அம்மா வெளியில போங்கோ, நிக்கிறதெண்டா ஆம்பிளை ஒராள் நிக்கட்டும்" என்றார்.

அம்மா இத்தனை வருசமும் அவனுடைய கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவ. அவன் வாய் திறந்து கூப்பிடமாட்டான் என்று நான் சொன்னேன். அந்த மனுசனில் பிழையில்லை. அங்கே உடுப்பு விலகி, குழாயோடு கிடக்கிற ஆண்கள் எத்தனை பேர், அவர்களுக்கும் மானம் இருக்கிறது. வாட் முழுவதற்கும் இரண்டு நேர்ஸ் மிஸ்மார்தான்.

பக்கத்துக் கட்டிலில் முல்லைத்தீவுக் கடல்தொழிலாளி ஒருவர், வயதானவர், கையில் சேலைன். அம்மா அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு வந்தா: "ஐயா, வலது பெருவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கினானெண்டா வலிப்பு வரப்போகுது." பிறகு விடியும்வரை நாங்கள் வெளியே சீமெந்துக் கட்டின் மேல் இருந்தோம். அம்மா செபமாலையும் உருட்டவில்லை, அழவும் இல்லை. உள்ளே கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் எழும்பி எழும்பி இருந்தா.

இரண்டு மணி போல விரல் மடங்கியிருக்கிறது. அந்த ஐயா சேலைன் கம்பியையும் இழுத்துக்கொண்டு போய் மிஸ்ஸைக் கூட்டிவந்திருக்கிறார். சிங்களப் பிள்ளை. "புத்தா, புத்தா" (மகனே, மகனே) என்று கூப்பிட்டுக்கூப்பிட்டுச் சரித்துப் படுக்கவைத்து ஒட்சிசன் பிடித்தாவாம். காலையில் உள்ளே விட்டபோது அந்த ஐயா கட்டிலில் நிமிர்ந்தே இருந்தார். "பிள்ளை, நான் கண் மூடேல்ல" என்றார்.

அது நீங்கள் நின்றிருக்க வேண்டிய இடம், அண்ணா. இதை எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகும். அவனைத் தோளில் வைத்துக்கொண்டு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் காட்டினவர் நீங்கள்தான். உங்கள் குரல் போனில் கேட்டால் இப்பவும் அவன் தலை திரும்புகிறது.

அதனால் முடிவெடுத்துவிட்டேன், கேட்கவில்லை, சொல்கிறேன். இனி அவனை வாட்டில் போட்டால் மாமாவின் மகன் இரவில் நிற்பான். அவன் கூலிக்குப் போகிறவன், ஒரு இரவு நின்றால் அடுத்த நாள் உழைப்புப் போய்விடும். அதைக் கொடுப்பேன். நீங்கள் என் பெயரில் போட்டு வைத்த காசில் இருந்துதான். அது எதற்கென்று போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஊரில் உள்ளவர்களும் வாசிப்பார்கள், இதற்கு மேல் எழுதவில்லை. கோபம் வந்தால் என்னோடு கோபியுங்கள், அம்மாவிடம் கேட்காதீர்கள். "வெளியாள் என்ர தம்பியைத் தொடக்கூடாது" என்று முந்தி ஒருநாள் சொன்னீர்களே, அதை மட்டும் இனிச் சொல்லவேண்டாம்.

பிரைவேட்டுக்கு என்று காசு அனுப்பவேண்டாம். சளி உறிஞ்சுகிற மெசின் ஒன்று வீட்டுக்கு வேண்டும், அதற்கு அனுப்புங்கள்.

இன்னொன்று. தம்பியைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: எடை, ஒவ்வொரு மருந்தும் எத்தனை மில்லி, எது இடிக்கக்கூடாது, குழாய் எப்போது மாற்றியது, பெருவிரல், யாருக்கு அடிக்கவேண்டும். கட்டில் தலைமாட்டில் கட்டப்போகிறேன். தமிழிலும் இங்கிலிசிலும் முடிந்துவிட்டது. சிங்களம் எனக்கு ஓடவில்லை. நீங்கள் கொழும்பில் வேலை செய்தவர், அதை எழுதித் தாருங்கள். வாட்சப்பில் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கிளினிக், வியாழன் இரவுக்குள் வரவேண்டும்.

தங்கச்சி