தெற்கு வானில் ஒளித்து வைக்க இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், நிபிரு என்னும் பெருங்கோள் ஒன்று பூமியை நோக்கி வந்துகொண்டிருப்பதாகவும், அது தென்துருவத் திசையிலிருந்து வருவதால் வடக்கே வாழும் மக்களின் கண்ணில் படுவதில்லை என்றும், உலக அரசுகள் கூடிப் பேசி அதை மறைத்து வருகின்றன என்றும் அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. உலகம் அழியப்போகிறது என்ற செய்திகளுக்கு மறுப்பு எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. குறித்த தேதி கடந்ததும் அவை தாமாகவே மறைந்துவிடும். ஆனால் தெற்கே ஒளிந்திருக்கிறது என்ற அந்த ஒரு வரியை விட்டுவிட மனம் வரவில்லை. அந்தத் தெற்கில்தான் நாங்கள் ஐந்தாறு தலைமுறையாகக் குடியிருக்கிறோம்.

தென் ஆப்பிரிக்காவில் நாங்கள் வாழும் டர்பன் நகரம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் உள்ளது. துருவ நட்சத்திரத்தை எங்கள் பிள்ளைகள் புத்தகத்தில் பார்ப்பதோடு சரி. ஆனால் சென்னையில் தென் அடிவானத்துக்கு மேல் 25 பாகை உயரம்கூட எட்டாத அகத்திய நட்சத்திரம், இங்கே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நின்று ஒளிவிடும். நம் பால்வெளியின் மையப் பகுதியோ குளிர்கால இரவுகளில் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலாகவே கடந்து செல்கிறது. மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில், எங்கள் குடியிருப்புப் பகுதியான சாட்ஸ்வொர்த்தின் மேட்டுத் தெருக்களில் விளக்குகள் அணைந்துபோன நேரங்களில், தெற்குச் சிலுவை என்னும் விண்மீன் கூட்டத்துக்கு அருகே மை கொட்டியது போலத் தெரியும் கருந்திட்டையும், சற்றுத் தள்ளிப் புகைப்படலங்கள் போலக் கிடக்கும் மகெல்லன் மேகங்கள் என்னும் இரு அண்டை விண்மீன் திரள்களையும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்க்க முடிந்தது. மின்வாரியத்தை நன்றியோடு நினைத்த ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும். இப்படிப் பார்க்கப்படும் வானத்தில், பூமியைப் போலப் பல மடங்கு பருமனான கோள் ஒன்று யார் கண்ணிலும் படாமல் வருகிறது என்பதை எப்படி ஏற்பது?

தமிழ்நாட்டு வாசகர்களும் இதற்காக எங்கள் சொல்லை நம்பவேண்டிய அவசியம் இல்லை. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால், வானத்தின் தென்துருவப் புள்ளியைச் சுற்றியுள்ள 13 பாகை வட்டம் ஒன்று மட்டுமே அவர்களுக்கு ஒருபோதும் உதிப்பதில்லை. கன்னியாகுமரியில் அந்த வட்டம் இன்னும் சிறியது. சித்திரை, வைகாசி இரவுகளில் தென் கடற்கரையில் நின்றால் தெற்குச் சிலுவையையே பார்த்துவிடலாம். மிஞ்சிய அந்தச் சிறு வட்டத்துக்குள் ஒரு கோள் பதுங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், பூமி ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருவதால், அருகே நெருங்கிவரும் எந்தப் பொருளும் பின்னணி விண்மீன்களுக்கு எதிரே மாதாமாதம் இடம் மாறித் தெரிந்தே ஆகவேண்டும்.

அப்படி இடம் மாறும் பொருள்களைத் தேடிப் பிடிப்பதுதான் இந்நாட்டு வானவியலாரின் பழைய தொழில். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை 1915-ஆம் ஆண்டு ஜொகன்னஸ்பர்க்கில் இருந்த வானாய்வகத்திலிருந்து ராபர்ட் இன்னஸ் கண்டறிந்தார். வெறும் கண்ணுக்குச் சற்றும் தெரியாத மங்கலான விண்மீன் அது. வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படத்தட்டுகளை ஒப்பிட்டு, அது அணுவளவு நகர்ந்திருந்ததை அவர் பிடித்தார். கணினி இல்லாத காலத்தில், நான்கு ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒன்றின் நகர்வே தப்பவில்லை.

தொழில்முறை அறிஞர்களை அரசுகள் மிரட்டி வைத்திருக்கின்றன என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். சம்பளம் வாங்காதவர்களை யார் மிரட்டுவது? பிரிட்டோரியாவில் வாழ்ந்த ஜாக் பென்னட் ஒரு பொழுதுபோக்கு வானவியலர். 1969 டிசம்பர் 28 இரவு, ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றால் தென் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு மங்கலான ஒளித்திட்டைக் கண்டார். அது அடுத்த சில மாதங்களில் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்த பென்னட் வால்நட்சத்திரம். கட்டுரை சொல்லும் அதே திசையில், வானத்தின் தென்துருவத்துக்கு வெகு தொலைவில் இல்லாத பகுதியில்தான் அவர் அதைக் கண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவோ சில கிலோமீட்டர் அளவுள்ள பனிக்கட்டிக் கரு. கோள் என்றால் தப்புமா?

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 140 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சனியை நாம் கருவி எதுவுமின்றிப் பார்க்கிறோம். 450 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நெப்டியூன் நல்ல பைனாகுலரில் தெரியும். சூரியனை நோக்கி விழுந்துவரும் எந்தப் பொருளும், வந்து சேர்வதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சனியின் தொலைவைத் தாண்டி உள்ளே வந்திருக்க வேண்டும். ஆகவே அடுத்த ஆண்டு மோதப்போகும் பெருங்கோள் இன்று மாலை நம் பால்காரருக்கும் தெரிந்தாக வேண்டும். இதே நிபிரு 2003 மே மாதம் வரும் என்றார்கள். பிறகு மாயன் நாட்காட்டியோடு முடிச்சுப் போட்டு 2012 டிசம்பர் 21 என்றார்கள். அதன்பின் 2017 செப்டம்பர் 23 என்றார்கள். தென்துருவத்தில் உள்ள பத்து மீட்டர்த் தொலைநோக்கி இதைக் கண்காணிக்கவே கட்டப்பட்டது என்று கட்டுரை கூறுகிறது. அது பிரபஞ்சம் பிறந்த காலத்தின் எஞ்சிய நுண்ணலைகளை அளக்கும் கருவி. அதைக்கொண்டு கோளைத் தேடுவதாகச் சொல்வதைக் கேட்டால் அங்கே பனியில் உழைப்பவர்கள் சிரிப்பார்கள்.

கட்டுரையின் ஓரத்தில் இருந்த பெட்டிச் செய்தி எனக்கு இதைவிட வருத்தம் தந்தது. 2025 ஜூலை முதல் நாள் கண்டறியப்பட்ட, நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த 3ஐ/அட்லஸ் என்னும் வால்நட்சத்திரம் தென் ஆப்பிரிக்காவுக்கு ரேடியோ சமிக்ஞை அனுப்பியதாகவும், அது வேற்றுலகத்தாரின் கலமாக இருக்கலாம் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. நடந்தது இதுதான். வடக்குக் கேப் மாகாணத்தின் கரூ வறண்ட வெளியில், கார்னர்வன் ஊருக்கு அப்பால் 64 கிண்ண வடிவ அலைவாங்கிகளைக் கொண்ட மீர்காட் ரேடியோ தொலைநோக்கி உள்ளது. 2025 அக்டோபர் 24 அன்று அது அந்த வால்நட்சத்திரத்தைக் கவனித்தபோது, 1665, 1667 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் ஹைட்ராக்சில் மூலக்கூறின் தடயத்தைப் பதிவு செய்தது. வால்நட்சத்திரத்தின் பனி சூரிய வெப்பத்தில் ஆவியாகி, அந்த நீராவி வெயிலில் சிதையும்போது உண்டாவது ஹைட்ராக்சில். சாதாரண வால்நட்சத்திரம் எதிலும் எதிர்பார்க்கக்கூடியது. அதிலும், பதிவானது உமிழ்வு அல்ல, உட்கவர்வு. அதாவது அந்தப் பொருள் எதையும் அனுப்பவில்லை; அதன் வழியாக வந்த ரேடியோ அலைகளில் அந்த இரண்டு இடங்களில் குறைவு தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு குறைவைச் செய்தி என்று மொழிபெயர்த்து, அதற்குக் கலம் கட்டி, அதில் ஆளும் ஏற்றிவிட்டார்கள். அந்த வால்நட்சத்திரம் டிசம்பர் 19 அன்று நம்மை மிகவும் நெருங்கியபோதும் 27 கோடி கிலோமீட்டர் தொலைவில், சூரியனைவிட அதிகத் தூரத்தில்தான் இருந்தது.

இது போன்றவை இந்நாட்டுத் தமிழர்களிடையே எப்படிப் பரவுகின்றன என்பதற்கு ஆண்டுதோறும் வரும் வாட்ஸ்அப் செய்தி ஒன்றே போதும். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் சமயத்தில், டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி விழுந்து ஊரே நடுங்கும்போது, பூமி சூரியனை விட்டு வெகு தூரம் போய்விட்டது, வழக்கமான 9 கோடி கிலோமீட்டர் தூரம் இப்போது 15.2 கோடியாகிவிட்டது, ஆகஸ்ட் வரை கடும் குளிரும் நோயும் வரும், சுடுநீர் குடியுங்கள் என்று அது எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்து சேரும். வெளியே உண்மையாகவே குளிர்வதால் யாரும் சந்தேகிப்பதில்லை. அதில் இரண்டாவது எண் சரி, முதலாவது பொய். ஜனவரித் தொடக்கத்தில் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கும் பூமி, ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடிக்குப் போகிறது. வேறுபாடு நூற்றுக்கு மூன்று பங்கை ஒட்டியது. அத்தூரம்தான் குளிருக்குக் காரணம் என்றால் அதே ஜூலையில் மதுரையிலும் குளிர வேண்டும். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் ஜனவரியில், நாங்கள் இங்கே வியர்வையில் நனையும்போது, டில்லிக்காரர் கம்பளியைத் தேடக்கூடாது. அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதே பருவங்களுக்குக் காரணம் என்பதை வடக்கிலும் தெற்கிலும் உறவினர் உள்ள எந்தக் குடும்பமும் ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வானிலிருந்து ஆபத்தே கிடையாது என்று நான் கூறவில்லை. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் விரெடஃபோர்ட்டில் இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய தடம் இன்றும் மலை வளையமாக நிற்கிறது. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே 2013 பிப்ரவரி 15 அன்று ஏறத்தாழ 20 மீட்டர் அளவுள்ள கல் வெடித்ததில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அது சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் யாரும் முன்கூட்டிக் காணவில்லை. உண்மையான ஆபத்து இந்த அளவில்தான் உள்ளது: மறைக்கப்பட்ட கோள்களில் அல்ல, கண்டுபிடிக்கப்படாத சிறுகற்களில். அவற்றைத் தேடும் வேலை திறந்த வெளியில் நடக்கிறது. அட்லஸ் கண்காணிப்பு அமைப்பின் தொலைநோக்கிகளில் ஒன்று எங்கள் நாட்டின் ஸதர்லாந்திலேயே உள்ளது. 2018 ஜூன் 2 அன்று, இரண்டு மீட்டருக்கும் குறைவான ஒரு கல், அமெரிக்காவின் அரிசோனாவில் கண்டறியப்பட்ட சில மணி நேரத்திலேயே அண்டை நாடான போட்ஸ்வானாவுக்கு மேல் எரிந்தது. அந்த மாதமே அதன் துண்டுகளை கலஹாரியில் தேடி எடுத்தார்கள்.

அந்தத் திறந்த முறையே சில சமயம் பீதிக்கும் இடமளிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பர் 27 அன்று கண்டறியப்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22-இல் பூமியில் மோதும் வாய்ப்பு ஒரு சதவீதம் என்றார்கள். 2025 பிப்ரவரி 18-இல் அது 3.1 சதவீதமாக உயர்ந்தது. ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போனது. மறைத்துவிட்டார்கள் என்று உடனே சத்தம் எழுந்தது. உண்மையில், புதிய அளவீடுகள் வர வர, அந்தக் கல் கடந்து செல்லக்கூடிய பாதைகளின் பரப்பு சுருங்குகிறது. சுருங்கும் பரப்புக்குள் பூமி இன்னமும் இருக்கும் வரை, பூமிக்குரிய பங்கு கூடிக்கொண்டே போவது போலத் தோன்றும். பரப்பின் விளிம்பு பூமியைத் தாண்டி ஒதுங்கியதும் சட்டென்று விழுந்துவிடும். 2004 டிசம்பரில் அபோபிஸ் சிறுகோளுக்கு 2.7 சதவீதம் என்று சொல்லிப் பிறகு விலக்கியதும் இவ்வாறே. உயரும்போது முதல் பக்கத்தில் போடும் பத்திரிகைகள், விழும்போது உள்ளே ஒரு பத்தியாவது போட்டால் பாதிச் சந்தேகம் அடங்கும்.

தங்களிடம் நான் வேண்டுவது கட்டுரையாளரின் மன்னிப்பை அல்ல. அந்த அபோபிஸ் 2029 ஏப்ரல் 13 வெள்ளிக்கிழமை இரவு, தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில், தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களின் உயரத்துக்கும் கீழே, மோதாமல் கடந்து செல்லும். ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது வெறும் கண்ணுக்கே நகரும் புள்ளியாகத் தெரியும். வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, புத்தாண்டுப் பிறப்பு என்று மூன்றும் கூடிவருவதால் பரிகாரம் விற்பவர்களுக்கு அது நல்ல சந்தை. அதன்பின் 2030 நவம்பர் 25 காலையில் நமீபியா, போட்ஸ்வானா வழியாக வரும் முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் எங்கள் டர்பன் பகுதியைக் கடந்து இந்தியப் பெருங்கடலில் இறங்கும். இவ்விரண்டுக்கும் சில மாதங்கள் முன்பாகவே, எந்த நேரத்தில், எந்தத் திசையில் பார்ப்பது, கிரகணத்துக்கு எத்தகைய கண்ணாடி பாதுகாப்பானது, கரி பூசிய கண்ணாடியும் எக்ஸ்ரே படலமும் ஏன் ஆகாது என்பதை வானாய்வகங்களில் கேட்டுத் தங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நிபிருவுக்கு ஒதுக்கிய அதே இடம் போதும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென் ஆப்பிரிக்கா