வசந்திக்கு, அந்தக் கலர் ரொட்டி பத்தி

வசந்தி, எப்படி இருக்க? உன் மக பிரசவம் நல்லபடியா முடிஞ்சு தாயும் புள்ளயும் வீட்டுக்கு வந்தாச்சுன்னு படிச்சப்புறம்தான் எனக்கு உசுரு வந்துச்சு, பத்தியம் பத்தியம்னு அவள வாடப் போட்டுடாத, வயிறார சாப்பிடட்டும். இங்க எல்லாரும் சௌக்கியம். மேட்டூர ஜூன் 12லயே திறந்துட்டாங்க, பாமணி ஆத்துல தண்ணி ஓடுது, குறுவை நடவு ஆரம்பிச்சாச்சு, இவர் விடியக்காலம் வயலுக்குப் போனா இருட்டுனப்புறம்தான் வர்றார்.

ஃப்ரூட் லூப்ஸ் போட்டு அந்தக் கலர் ரொட்டி எப்படிப் பண்றதுன்னு கேட்டிருந்தல்ல, அதுக்கு வர்றேன். பேரப்புள்ளைங்க லீவுக்கு வந்தப்ப, பால்ல போட்டுத் திங்கிற கலர் கலர் வளையம் இருக்குல்ல, அந்த ஃப்ரூட் லூப்ஸ பெரிய டப்பாவா வாங்கி பாதிய அப்படியே விட்டுட்டுப் போச்சுங்க, நம்ம ஊரு ஈரக்காத்துக்கு பிரிச்ச பாக்கெட் தாங்குமா, நமுத்துப் போச்சு. தூக்கிப் போட மனசே வரல. பால்ல போட்டுத் திங்கத்தான் மொறுமொறுப்பு வேணும், மாவுக்குள்ள போய் வேகப்போறதுக்கு எதுக்கு?

பேருதான் பிரெட், ஈஸ்ட் கிடையாது, மாவு பொங்குற வரைக்கும் காத்துக் கெடக்க வேணாம், சோடாவும் பேக்கிங் பவுடருமே தூக்கிவிட்டுடும். எங்க மாமியாருக்கு முட்டை வாசமே ஆகாதுல்ல, அதனால தயிர் போட்டுத்தான் செய்றேன். பர்மிங்ஹாம்ல ஆல்ஃப்ரெட் பேர்டுன்னு ஒரு கெமிஸ்ட் இருந்திருக்கார், பொண்டாட்டிக்கு ஈஸ்ட் ஒத்துக்கலன்னு 1843ல இந்த பேக்கிங் பவுடரக் கண்டுபிடிச்சாராம், அதுக்கும் முன்னாடியே அந்தம்மாவுக்கு முட்டை ஆகாதுன்னு முட்டையில்லாம கஸ்டர்ட் பவுடர் பண்ணவரும் அவரேதான். வீட்டுல ஒருத்தருக்காகப் பண்ணது இன்னிக்கு என் அடுப்படி வரைக்கும் வந்திருக்குன்னு நெனச்சா எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா.

ஒன்றரை கப் மைதா, ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை ஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் சேத்து சலிச்சு வச்சுக்க. முக்கால் கப் புளிச்ச தயிர், அரை கப் எண்ணெய், அரை கப் பால், அரை கப் சர்க்கரை, கொஞ்சம் வெனிலா, இத தனியா அடிச்சுக்க. சர்க்கரைய இதுக்கு மேல போடாத, அந்த வளையத்துலயே நெறைய இனிப்பு இருக்கு. நெறைய பேரு தயிர்லயே சோடாவப் போட்டு நுரைக்க விடுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, புளிப்பு பட்ட ஒடனே வர்ற காத்து கிண்ணத்துலயே போயிட்டா அப்புறம் ரொட்டி எத வச்சு எழும்பும்? அதனால சோடா மாவோட இருக்கட்டும். ரெண்டையும் சேத்ததும் கரண்டியால மெதுவா பெரட்டு, அங்கங்க சின்னக் கட்டி தெரிஞ்சாலும் பரவால்ல, போட்டு அடிச்சின்னா மைதா இழுவையாகி ரொட்டி ரப்பர் மாதிரி ஆயிடும். ஒரு கப் லூப்ஸ்ல பாதிய மிக்ஸியில ஒரு சுத்து சுத்தி மாவோட கலந்துரு, மீதி முழு வளையத்த கடைசியில தூவி ரெண்டே பெரட்டு, கலர் கரைய விடாம ஒடனே டின்ல ஊத்தி ஓவன்ல வச்சுடணும். ஓவன முன்னாடியே 180 டிகிரில சூடு பண்ணி வை. அம்பது நிமிஷம் ஆவும், மேல சீக்கிரம் செவந்துட்டா ஃபாயில் பேப்பர் மூடு, குச்சி விட்டுப் பாத்து ஒட்டாம வந்தா எடுத்துடலாம்.

நல்லா ஆறுனப்புறம் வெட்டு, சூட்டுல கத்தி வச்சா பிய்யும். வெட்டுன பக்கம் செகப்பும் பச்சையும் ஊதாவுமா அரை வளையம், முழு வளையம்னு பதிஞ்சிருக்கும், அதச் சுத்தி கலர் லேசா மாவுல எறங்கி நிக்கும், அவ்வளவு அழகு. கலர்தான் வேற வேற, ருசி எல்லா வளையத்துக்கும் ஒண்ணுதான், புள்ளைங்க அத ஒத்துக்கவே மாட்டேங்குதுங்க, செகப்புக்குத்தான் சண்டை. மாமியார் டிகிரி காபியோட ஒரு துண்டு சாப்பிட்டு, சாயந்திரம் அவங்களாவே இன்னொன்னு கேட்டாங்க, எனக்கு அது போதும்.

ஆடிப்பெருக்குக்கு உன்னால வர முடியாதுன்னு தெரியும், கைப்புள்ளைய விட்டுட்டு எப்படி வருவ. தம்பி அடுத்த வாரம் கோயம்புத்தூர் வர்றான், ஒரு ரொட்டி பண்ணி அவன்கிட்ட குடுத்து விடுறேன், ரெண்டு நாள் வெளியவே தாங்கும். பாப்பாவுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்கன்னு நீ எழுதவே இல்லயே, ஒடனே எழுது.

உன்
மன்னார்குடிக்காரி