அந்தச் சிவப்புக் கோடு

மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் நீ நம்பப் போவதில்லை, அதனால் சொல்லவில்லை. ஊறுகாய் சிந்தாமல் வந்து சேர்ந்தது. வாத்தியாருக்கு முழங்கால் தேவலையாம், இனிமேலாவது அவரை உசுப்பிவிடாதே. நம்ம தாடிப் பயல் வழக்கம்போல் தாடிதான். குசலம் முடிந்தது.

நேற்று ராத்திரிதான் நீ அனுப்பிய வரைபடத்தை மேசையில் விரித்தேன். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் நடக்கும் பாரோடேல் ஃபெல் ஓட்டத்துக்கு (ஃபெல் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் மலை) நீ சிவப்பு மையில் போட்ட கோடு. முதலில் சிரிப்பு வந்தது. எல்லாச் செக்பாயிண்டையும் அடிக்கோல் வைத்து இணைத்திருக்கிறாயே, மலையா அது, கணக்கு நோட்டா? ஸ்கேஃபெல் பைக் தாண்டி இரண்டு அங்குலம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மற்றதைப் படிக்கும்போது நீ தூங்கிப்போவாய் என்று தெரியும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிராட் கிராக் கணவாயிலிருந்து இறங்கி, காரிடார் பாதையைக் குறுக்கே வெட்டி, ஒரு நீலக் கோட்டை ஒட்டியே வடக்கே விட்டிருக்கிறாய். அந்த நீலக் கோட்டுக்குப் பெயர் பியர்ஸ் கில். ஓடை என்று நினைத்துவிட்டாய். லிங்மெல் மலையின் விலாவைக் கத்தியால் கீறின மாதிரி ஒரு பிளவுடா அது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே அருவி. முதல் கொஞ்ச தூரம் இறங்கத்தான் இறங்கும். அப்புறம் கீழேயும் போக முடியாது, வந்த வழியே ஏறவும் முடியாது. ஸ்கேஃபெல் பைக் உச்சியிலிருந்து வழி தவறி அதற்குள் மாட்டிக்கொண்டவர்களை வாஸ்டேல் மீட்புக் குழு எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறது. உயிரும் போயிருக்கிறது. போதாக்குறைக்கு அது அடுத்த செக்பாயிண்டான ஸ்டைஹெட் கணவாய்க்குப் போகவே போகாது, கீழே மேற்கே திரும்பி வாஸ்டேல் பக்கம் ஓடிவிடும். உயிரோடு கீழே வந்தாலும் ஸ்டைஹெட்டுக்கு மறுபடி 150 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். கைபேசித் திரையில் பார்த்தால் மயிரிழை நீலம்தான் தெரியும். 1:25,000 தாளில் பார், இரண்டு கரையிலும் கறுப்பாகப் பாறைக் குறி அடித்திருக்கும். சமவுயரக் கோடு நெருங்கி வந்து கறுப்பு மைக்குள் மறைகிற இடத்தில் கோடு போடாதே.

சரி, கோபம் ஆறிவிட்டது. உன் கோட்டை ஆரம்பத்திலிருந்து திருத்துகிறேன்.

நேர்கோடு ஏன் உதவாது என்பதற்கு முதலில் கணக்கு. உனக்குக் கணக்கு சொன்னால்தான் ஏறும். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதற்கு மேல் 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதாவது 1 மீட்டர் ஏற்றம் ஏறக்குறைய 8 மீட்டர் சமதளத்துக்குச் சமம். பின்னாளில் பிலிப் ஸ்கார்ஃப் என்ற ஆய்வாளர் ஃபெல் ஓட்ட நேரங்களை வைத்துப் பார்த்தபோதும் அதே எட்டுதான் வந்தது. பாரோடேல் 27 கி.மீ., ஏற்றம் சுமார் 2,000 மீட்டர். ஏற்றத்தை எட்டால் பெருக்கினால் 16 கி.மீ., ஆக நீ ஓடப்போவது 43 கி.மீ. 1981-இல் பில்லி பிளாண்ட் இதை 2 மணி 34 நிமிடம் 38 நொடியில் முடித்தார். பல பத்தாண்டு அசையாமல் நின்ற நேரம். 43-ஆல் வகுத்துப் பார், கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 36 நொடி வரும். அந்தப் பள்ளத்தாக்குக்காரர், கல் வேலை செய்தவர். காலும் நுரையீரலும் மட்டும் அந்த நேரத்தைக் கொடுத்துவிடவில்லை, ஒவ்வொரு புல்திட்டும் அவருக்குத் தெரியும். உன் வேகத்துக்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று வைத்தால் 4 மணி 18 நிமிடம். கரடுமுரடுக்கும் தொலைந்துபோவதற்கும் அதற்கு மேல் நீயே சேர்த்துக்கொள்.

ஓட்டம் தொடங்கும் ரோஸ்த்வெயிட்டிலிருந்து முதல் உச்சி பெஸ்ஸிபூட், 551 மீட்டர் உயரம். இங்கே பெரிதாகத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, கூட்டத்தோடு ஏறு. பிராக்கன் பெரணியை மட்டும் மறக்காதே. நீ ஏப்ரலில் போய் ஒத்திகை பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அப்போது பெரணி காய்ந்து தரையோடு கிடந்திருக்கும். ஓட்டம் ஆகஸ்ட்டில், மார்பு உயரத்துக்கு நிற்கும். காலடியில் கல் தெரியாது, உண்ணி வேறு. தாழ்வான சரிவுகளில் ஏப்ரலில் கண்டுபிடித்த குறுக்கு வழி எதையும் ஆகஸ்ட்டில் நம்பாதே. சுவரேறிக் குதிக்கிற புத்தியும் வேண்டாம். ஏணிப்படியோ வாசலோ இருக்கிற இடத்தில்தான் தாண்டவேண்டும்.

பெஸ்ஸிபூட்டிலிருந்து எஸ்க் ஹாஸ் கணவாய் நேர்கோட்டில் 5 கி.மீ. ஓட்டத்தின் சூட்சுமமே இங்கேதான். நீ அடிக்கோல் வைத்ததால் கோடு 783 மீட்டர் கிளாரமாரா உச்சி மேலேயே போகிறது. அங்கே செக்பாயிண்ட் கிடையாது! யாருக்காக ஏறுகிறாய்? அதன் பிறகு 785 மீட்டர் ஆலன் கிராக்ஸ். இடையில் முதுகெலும்பு மாதிரி மேடும் பள்ளமும். ஹார்வி நிறுவன வரைபடத்தில் சமவுயரக் கோடு 15 மீட்டருக்கு ஒன்று. 12 மீட்டர் மேடு தாளில் தெரியாமலே போகலாம். அப்படிப் பத்து மேட்டில் ஏறி இறங்கினால் 120 மீட்டர், எட்டால் பெருக்கு, ஒரு கி.மீ. போச்சு. அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் மேடுகளின் தோளில் ஆட்டுத்தடம் பிடித்துப் போகிறார்கள்.

ஆட்டுத்தடத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆடு எஸ்க் ஹாஸுக்குப் போவதில்லை, புல்லுக்குப் போகிறது. தடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துக்கொண்டு போகும், காலுக்குச் சுகமாக இருப்பதால் உனக்குத் தெரியாது. இடது பக்கம் இறங்கினால் லாங்ஸ்ட்ராத் பள்ளத்தாக்கு, வலது பக்கம் சீத்வெயிட் பள்ளத்தாக்கு. 40 மீட்டர் இழந்தால் நீ மிச்சம் பிடித்ததெல்லாம் காலி. தடம் இரண்டாகப் பிரிகிற இடத்திலெல்லாம் மேல் தடத்தை எடு. முகட்டுப் பாதை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே இரு. மேகம் இறங்கிவிட்டால் கணக்கு எல்லாம் கிடக்கட்டும், பேசாமல் முகட்டுப் பாதையில் ஏறிவிடு. ஐந்து நிமிடம் போகும், போகட்டும். முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்து ஓடுகிற பழக்கம் உனக்கு உண்டு, கல்லூரி நாளிலிருந்தே. அந்த முதுகுக்கும் வழி தெரியாமல் இருக்கலாம்.

எஸ்க் ஹாஸில் இன்னொரு குழப்பம். ஆலன் கிராக்ஸிலிருந்து இறங்கினால் சிலுவை வடிவில் கல்சுவர் ஒதுங்கிடம் ஒன்று முதலில் வரும். பாதி ஜனம் அதுதான் எஸ்க் ஹாஸ் என்று நினைக்கும். நிஜக் கணவாய் அதற்குத் தென்மேற்கே, இன்னும் கொஞ்சம் மேலே, 759 மீட்டரில். மூடுபனியில் ஒதுங்கிடத்தைக் கணவாய் என்று எண்ணித் திசைகாட்டி வைத்தால் அடுத்த கோடு முழுக்கத் தப்பாகும். போட்டித் தாளில் உள்ள கட்ட எண்ணை இன்றைக்கே வரைபடத்தில் குறித்து வை.

அங்கிருந்து 978 மீட்டர் ஸ்கேஃபெல் பைக்குக்கு ராஜபாட்டைதான். ஆனால் இல் கிராக், பிராட் கிராக் தோள்களில் பாறாங்கல் பரப்பு. ஈரமானால் சோப்பு. கற்குவியல்களை ஒட்டியே போ, வெட்டாதே. போகும்போது ஒரு வேலை செய். உச்சிக்குக் கடைசி ஏற்றம் தொடங்குகிற பள்ளம்தான் பிராட் கிராக் கணவாய். திரும்பி இதே இடத்துக்குத்தான் வரப்போகிறாய், அதனால் நின்று ஒரு நொடி பார்த்துவிட்டு ஏறு.

உச்சியில் வட்டமான பெரிய கல்மேடை. மூடுபனியில் அதை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், திசை போய்விடும். வந்த பக்கமே வடகிழக்கே இறங்கு. கணவாய்க்கு வந்ததும் இடது பக்கம். வலது பக்கம் இறங்கினால் எஸ்க்டேல் பள்ளத்தாக்கு, அன்றைய ஓட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள். இடது பக்கச் சரிவு முழுக்க உருளும் சரளை. குதிகாலை ஊன்றிச் சறுக்கலாம். மேலே ஆள் இருந்தால் நேர் கீழே நிற்காதே, கல் வரும். காரிடார் பாதை குறுக்கே வரும்போது வலது. இறங்கி வந்த வேகத்தில் நேரே போனால் பியர்ஸ் கில். திரும்பச் சொல்கிறேன்: கணவாயில் இடது, காரிடாரில் வலது. கையில் பேனாவால் எழுதிக்கொள். லிங்மெல் கணவாய் வழியாகச் சுற்றுகிற அகலப் பாதையும் இருக்கிறது. தூரம் கூடும், தப்பு குறையும். முதல் தடவை, அதுவும் மேகம் என்றால், என்னைக் கேட்டால் அதுதான்.

ஸ்டைஹெட்டில் மீட்புக் குழுவின் ஸ்ட்ரெச்சர் பெட்டி இருக்கிறது, நல்ல அடையாளம். அங்கிருந்து 899 மீட்டர் கிரேட் கேபிள். சுமார் 1.2 கி.மீ.க்குள் 420 மீட்டர் ஏற்றம். நேர் பாதையில் கையைத் தொடையில் ஊன்றி நட. நிமிடத்துக்கு 12 மீட்டர் ஏறினால் 35 நிமிடம். ஏரன் ஸ்லாக் பள்ளம் வழியாக விண்டி கேப் கணவாய்க்குப் போய் அங்கிருந்து உச்சி என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதே. அந்தக் கணவாய்க்குத்தான் திரும்ப இறங்கப் போகிறாய், ஒரே சரிவை இரண்டு தடவை மிதிப்பானேன்? உச்சிப் பாறையில் முதல் உலகப்போரில் இறந்த மலையேறிகளுக்கு 1924-இல் திறந்த வெண்கலப் பலகை இருக்கும். அதைத் தொட்டுவிட்டு வடகிழக்கே விண்டி கேப்.

அடுத்த துண்டு, ஹானிஸ்டர் கணவாய் வரை, நியாயமாக வாதாடக்கூடிய இடம். கிரீன் கேபிள் 50 மீட்டர் ஏற்றம். மேற்கே ஸ்டோன் கோவ் பக்கம் சுற்றினால் தவிர்க்கலாம். ஆனால் சாய்ந்த சரளை, அதோடு எனர்டேல் பக்கம் இழுக்கும். முதல் தடவை ஏறிவிடு. அதற்கப்புறம் பிராண்ட்ரெத், கிரே நாட்ஸ் இரண்டையும் ஏறினால் சுமார் 130 மீட்டர் ஏற்றம், கணக்கில் ஒரு கி.மீ.க்குச் சற்று மேல். மேற்கே மோசஸ் ட்ராட் என்ற பழைய பாதையைப் பிடித்து டிரம் ஹவுஸ் இடிபாடு வழியாகச் சுற்றினால் கூடுவது முக்கால் கி.மீ. அளவு. கணக்கில் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் சுற்றுப் பாதையில் பழைய டிராம் தடத்தில் நிஜமாகவே ஓடலாம். கிரே நாட்ஸ் வேலியோரம் இறங்குவது தொடையை அரைத்துவிடும், உடனே டேல் ஹெட் 400 மீட்டர் ஏற்றம் காத்திருக்கிறது. நான் சுற்றுக்கு ஓட்டுப் போடுகிறேன். தாடி கேட்டால் முகடு என்பான், அவன் தொடை வேறு.

டேல் ஹெட்டுக்கு வேலி துணை வரும், யோசிக்கவே வேண்டாம். உச்சியில் கல்தூணைத் தொட்டதும் வடக்கே காலை வைக்காதே, நியூலாண்ட்ஸ் பக்கம் செங்குத்து. கிழக்கே புல்லில் இறங்கினால் ஏரி, பிறகு ரிக்ஹெட் குவாரி. ஈர ஸ்லேட்டில் எந்தச் செருப்பு ஆணியும் பிடிக்காது. கழிவுக்கல் மேட்டில் துள்ளாதே, ஓரப் புல் இருக்கும்வரை புல்.

வரைபடத்தை வெட்டி, கையகலமாக மடித்து, தண்ணீர் புகாத உறையில் போடு. சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது, உறை இல்லாத தாள் கூழாகிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் திசைக்கோணத்தை இப்போதே ஓரத்தில் எழுது. அங்கே திசைகாட்டிக்கான காந்தத் திருத்தம் ஒரு பாகைக்குள்தான், ஓடும்போது கண்டுகொள்ளாதே. கோட்டை மெல்லிசாகப் போடு. உன் சிவப்பு மை பட்டையாய் இறங்கி, எந்தப் பாறைக் குறியைப் பார்க்க வேண்டுமோ அதையே மூடிவிட்டது.

ஒத்திகைக்கு இன்னும் ஒரு வாரக் கடைசி ஒதுக்க முடிந்தால் பெஸ்ஸிபூட் முதல் ஸ்டைஹெட் வரை மட்டும் போ, மீதியை விடு. ஸ்டைஹெட்டிலிருந்து சீத்வெயிட்டுக்கு இறங்கி, சீட்டாலர் வரை நடந்தால் 78-ஆம் எண் பஸ் கெஸ்விக்குக்குக் கிடைக்கும்.

புதுத் தாளில் பென்சிலால் போட்டு அனுப்பு. பிராட் கிராக் கணவாய் இருக்கிற சதுரத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கி ஒரு படம். அது வந்து சேரும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது. ஊறுகாயும் தீரப்போகிறது.

உன்,
மாப்ள